ஊமச்சிகுளம் பக்கத்து ஏர் ரைபிள் ரேஞ்ச்: சுடவும் போகலாம், சர்வீஸுக்கும் நம்பிக் கொடுக்கலாம்

மதுரையில் ஏர் ரைபிளோ ஏர் பிஸ்டலோ வைத்திருக்கிறவர்கள், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் நத்தம் ரோட்டில் ஊமச்சிகுளம் பக்கம் இருக்கும் இந்த ரேஞ்சுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். பறக்கும் பாலத்தை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில், உரக்கடைக்கு மேல் முதல் மாடி. சுடுவதற்கு இடம் தருகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் துப்பாக்கியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்துச் சொல்லித் தந்து, சர்வீஸை நம்மை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே செய்கிற இடம் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இடம். பத்து மீட்டர் லேன் எட்டு இருக்கிறது. ஆறில் பேப்பர் டார்கெட், மோட்டார் வைத்த கயிற்றில் போய்த் திரும்பி வரும். இரண்டில் எலெக்ட்ரானிக் டார்கெட், சுட்டவுடன் எங்கே பட்டது, எத்தனை பாயிண்ட் என்று பக்கத்துத் திரையில் காட்டிவிடும். டார்கெட் மேல் விழும் வெளிச்சம் சீராக இருக்கிறது, கண் கூசுவதில்லை. சுடுகிற பகுதி முழுக்க ஏசி. இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், ரைபிள் ஜாக்கெட் என்பது தடித்த கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்தது, சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் கொஞ்ச நேரத்தில் வியர்வை கண்ணுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எங்கே குறி பார்ப்பது. கட்டணம் மணிக்கு 250 ரூபாய். அவர்கள் துப்பாக்கியில் சுட்டால் பெல்லட்டுக்கு, அதாவது சின்ன ஈயக் குண்டுக்கு, தனிக் காசு.

புதிதாக வருகிறவர்களில் தமுக்கம் பொருட்காட்சியில் பலூன் சுட்ட ஆசையோடு வருகிறவர்கள்தான் அதிகம். நம்மில் பாதிப் பேருக்கு ஆசை ஆரம்பித்ததே அங்கேதானே. ஆனால் இங்கே வந்தவுடன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட மாட்டார்கள், முதல் அரை மணி நேரம் பேச்சுதான். காலியாக இருக்கிறது என்று தெரிந்தாலும் குழல் வாய் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் டிரிகருக்குள் போகக் கூடாது. யாராவது டார்கெட் பக்கம் போக வேண்டுமென்றால் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்து, பெல்லட் போடும் சேம்பரைத் திறந்து, சேஃப்டி ஃபிளாக் செருகிவிட வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் வயர், அவ்வளவுதான் அந்த ஃபிளாக். சேம்பர் வழியாக நுழைத்தால் குழல் வாயில் எட்டிப் பார்க்கும், உள்ளே பெல்லட் இல்லை என்பது தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும். சர்வதேசப் போட்டி விதியிலேயே இது கட்டாயம். இவர்கள் வாடகைக்கு வந்து சுட்டுப் போகிறவர்களிடமும் அதே கண்டிப்புக் காட்டுகிறார்கள்.

கல்லூரிப் பையன் ஒருவன் போட்டோ எடுக்க பிஸ்டலோடு பின்பக்கம் திரும்பிவிட்டான். கோச் சத்தம் போடவில்லை. "தம்பி, அத அப்படியே டேபிள்ல வச்சிட்டு வெளிய வாங்க" என்றார், அவ்வளவுதான். பையன் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் வந்து முதலிலிருந்து வகுப்பில் உட்காரச் சொன்னார். பக்கத்து லேனில் அக்கா மகள் சுட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றுக்காகவே அவளை இங்கே தைரியமாக விட்டுவிட்டுப் போகிறேன்.

நான் கப்பலூர் சிட்கோவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன், அளவு என்றால் எனக்கு உயிர். பத்து மீட்டர் ரைபிள் டார்கெட்டில் எல்லா வட்டமும் சேர்த்தே விட்டம் 45.5 மி.மீ.தான், நடுவில் பத்துக்கான புள்ளி வெறும் அரை மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ., அதன் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து, அதாவது நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அதோடு விடுவதில்லை, இப்போது அந்தப் பத்தையும் 10.0 முதல் 10.9 வரை தசமத்தில் பிரித்துக் கணக்கு. 10.9 வேண்டுமென்றால் கால் மி.மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. நாங்கள் வேலை மேஜையில் வைத்து வெர்னியர் அளவுகோலில் பார்க்கிற கால் மி.மீட்டரை இவர்கள் பத்து மீட்டர் தள்ளி நின்று, கையில் தாங்கிய துப்பாக்கியால் செய்கிறார்கள். போட்டியில் 60 குண்டு, 75 நிமிஷம், எல்லாமே 10.9 என்றால் 654. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தார், அப்படியும் பத்தாவது இடம்தான், ஃபைனலுக்கு எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள். சராசரியாக ஒவ்வொரு குண்டும் 10.5க்கு மேல்! பேப்பரை மோட்டாரில் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணுக்கு எவ்வளவு பெரிய அர்த்தம் என்று உடம்புக்குத் தெரிகிறது.

சுடுகிற சுகத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம், இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். டிரிகர் இரண்டு கட்டம். முதல் கட்டம் லேசாக வரும், பிறகு ஒரு சுவரில் போய் நிற்கிற மாதிரி நிற்கும். அங்கே விரலை வைத்துக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பின் சைட் ஓட்டை வழியாக முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் சரியாக நடுவில் வந்து உட்காருகிற அந்த இரண்டு மூன்று நொடிக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும், வந்துவிட்டது என்று நாமே முடிவு பண்ணி இழுத்தால் கெட்டது. அந்த நேரத்தில் பட்டறை, கடன், ஃபோன் எதுவுமே மண்டையில் இருக்காது. அதற்காகவே போகிறேன்.

சரி, சர்வீஸ். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஜன்னல் ஓரம் ஒரு மர பெஞ்ச், நல்ல வெளிச்சம், எதிரில் நமக்கு ஒரு ஸ்டூல். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ஏர் பிஸ்டல், காற்று சிலிண்டர் வைத்தது. ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் அழுத்த மானி கணிசமாக இறங்கியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவுடன் சர்வீஸ் பார்க்கிற அண்ணன் கழற்ற ஆரம்பிக்கவில்லை, கேள்வி கேட்டார். "காத்து அடிச்ச உடனே மானியப் பாத்தீங்களா, ஆறுன பெறகு பாத்தீங்களா?" வேகமாக நிரப்பும்போது காற்று சூடாகும், சிலிண்டர் ஆறியதும் அழுத்தம் தானாகக் கொஞ்சம் இறங்கும், அதைக் கசிவு என்று நினைத்து நிறையப் பேர் நல்ல சீலைப் பிரித்துக் கெடுத்துவிடுகிறார்கள் என்றார். அதனால் மெதுவாக 200 பார் அழுத்தம் வரை நிரப்பி, ஆற விட்டு, பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சிலிண்டர் திருகுகிற இடத்தில் கடுகு அளவுக்கு ஒரு குமிழி மெல்ல ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. "பாத்துக்கங்க" என்று விளக்கை அதன் பக்கம் திருப்பினார்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கழற்றினார். காற்றை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரல் நகத்தின் மேல் உருட்டிக் காட்டினார், ஒரு பக்கம் மட்டும் தட்டையாகியிருந்தது. அளவு பார்த்துப் புதியதை எடுத்து, சிலிகான் கிரீஸை விரல் நுனியில் மினுக்குகிற அளவுக்கு மட்டும் தடவிப் போட்டார். பைக்குக்குப் போடுகிற கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் இதற்குள் போகக் கூடாது, அழுத்தமான காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. உள்ளே இருப்பது 200 பார், கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான் என்று அவர் சொன்ன பிறகு சிலிண்டரைக் கையில் எடுக்கும் விதமே மாறிவிட்டது எனக்கு. சிலிண்டரில் குத்தியிருக்கும் தேதியையும் பார்க்கச் சொன்னார். பெரிய ஜெர்மன் கம்பெனிகள் பொதுவாகப் பத்து வருஷம் என்று வைத்திருக்கின்றன, தேதி தாண்டிய சிலிண்டருக்கு இங்கே காற்று நிரப்ப மாட்டார்கள். இதற்காக ஒருவர் வாசலில் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் அசையவே இல்லை, அவர் பக்கம்தான் நியாயம்.

அடுத்தது டிரிகர். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். கொக்கி வைத்த எடைக்கல்லை டிரிகரில் மாட்டி, பிஸ்டலை வாய் மேலே பார்க்க மெதுவாகத் தூக்கினார். கல் மேஜையை விட்டு எழும்பியது, டிரிகர் விடவில்லை, அப்படியென்றால் தேறியது. குழலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பியைத் தொடவே இல்லை. மெல்லிய நைலான் இழையில் ஃபெல்ட் துண்டைக் கோத்து சேம்பர் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக மட்டும் இழுத்தார். முதல் துண்டு ஈயக் கறுப்பாக வந்தது, இரண்டாவது சாம்பல், அதற்கடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை. வாய்ப் பக்கமிருந்து கம்பியை விட்டுக் குத்தினால் அந்த விளிம்பு தேயும், விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் பெல்லட் வெளியேறும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று ஒரு பக்கம் முந்தி ஒழுகி, பெல்லட்டைச் சாய்த்துவிடும். லேத்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கே பிஸ்டலைத் தரவில்லை. நிரப்பி வைத்துவிட்டு, ஆறியதும் மானி எங்கே நிற்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி, மறுநாள் வரச் சொன்னார். போனபோது அட்டையையும் மானியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார், முள் அதே இடத்தில். அவசரப்படுத்தினால் எரிச்சல்படுவார், அந்த எரிச்சலை நான் மதிக்கிறேன்.

ஸ்பிரிங் வைத்த பழைய ஏர் ரைபிள் ஒன்றும் வீட்டில் உண்டு. அதை முன்பு வேறொரு இடத்தில் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன், எந்த இடம் என்பது வேண்டாம். திரும்பி வந்ததும் சுட்டால் படார் என்று சத்தம், குழல் வாயில் புகை, தீய்ந்த வாடை. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அறைக்குள் அவர்கள் சாதா எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். பிஸ்டன் வேகமாக அழுத்தும்போது அங்கே காற்று கொதிக்கக் கொதிக்கச் சூடாகும், எண்ணெய் பற்றிக்கொள்ளும், டீசல் எஞ்சின் வேலை செய்கிறதே அதே வேலை. இங்கே கொண்டுவந்து பிரித்தபோது பிஸ்டன் சீலின் ஓரம் கருகி, உரித்தால் உதிர்ந்தது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கிளாம்பில் வைத்துத்தான் கழற்றினார், கையால் கழற்றப் போனால் அது பாய்ந்து மூஞ்சியைக் கிழிக்கும். புது சீல், ஸ்பிரிங்குக்குப் பூசினாற்போல மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது), பழைய சீலை ஒரு கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்தார். மாற்றினோம் என்று சொல்லிப் பில் போடுகிறவர்கள் மத்தியில் இது பெரிய விஷயம். பெல்லட் போடாமல் ஸ்பிரிங் ரைபிளைச் சுடக் கூடாது என்பதையும் அப்போது அழுத்திச் சொன்னார், எதிர்க் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் முட்டி சீலும் ஸ்பிரிங்கும் போய்விடுமாம். போட்டித் துப்பாக்கிகளில் வெறுமனே டிரிகர் பழகத் தனி வசதி இருக்கும், ஸ்பிரிங் ரைபிளில் அது கிடையாது.

பவர் கூட்டித் தரச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். குழல் விட்டம் .177 இன்ச்சுக்குள்ளும் (4.5 மி.மீ.) குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கிற ஏர் ரைபிளுக்குத்தான் நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டியதில்லை, அதைத் தாண்டினால் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கும் மேல், டார்கெட் சுட அவ்வளவு பவர் தேவையே இல்லை. ஒலிம்பிக்கில் சுடுகிற பத்து மீட்டர் ரைபிளே ஏழரை ஜூல் சுற்றுவட்டம்தான். பவர் கேட்கிறவர்களில் பலர் கண்மாய்க் கரையில் கொக்கும் புறாவும் சுடத்தான் கேட்கிறார்கள், அதற்கு 1972 ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே பெல்லட் கூட விற்பதில்லை, வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் தோட்டத்துக்கு லைசென்ஸோடு 12 போர் டபுள் பேரல் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அவற்றை இங்கே கொண்டு போகாதீர்கள். அந்த வகைத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும், அண்ணனிடம் அது இல்லை, தொடக்கூட மாட்டார், லைசென்ஸ் உள்ள டீலரிடம்தான் கொடுக்கச் சொல்வார்.

பெல்லட் விஷயத்தில் நல்ல சரக்கு வைத்திருக்கிறார்கள், ஜெர்மன், செக் எல்லாம் கிடைக்கும், பெரும்பாலும் 500 எண்ணம் உள்ள டப்பா. தட்டைத் தலை பெல்லட்தான் பேப்பரில் சுத்தமான வட்டமாக வெட்டும், பாயிண்ட் எண்ண அதுதான் வேண்டும். தலை அளவு 4.49, 4.50 என்று வரும், எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதைக் கிளாம்பில் பூட்டி ஒவ்வொன்றிலும் சில குண்டு சுட்டுப் பார்த்துத் தருகிறார்கள். விலை அதிகமானதுதான் பொருந்தும் என்றில்லை, என் பிஸ்டலுக்கு நடுத்தர டப்பாவே போதும் என்று அவர்களே சொன்னார்கள்.

குறைகளும் இருக்கின்றன, திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறேன். பெல்லட் ஈயம். டார்கெட் அடியில் பொடியாகக் கிடக்கும், அதை விளக்குமாற்றால் கூட்டுகிறார்கள், தூசி எழும்பி மூச்சில் போகும். ஈரத் துணியோ வேக்குவமோ வைத்து எடுக்க வேண்டும். லேனுக்குப் பக்கத்திலேயே டீயும் வடையும் வருகிறது, பெல்லட் தொட்ட கையோடு பிள்ளைகள் வடையை எடுக்கிறார்கள். கை கழுவ பேசின் இருக்கிறது, சோப்பு பல நேரம் இருப்பதில்லை. ஒரு சோப்பு வாங்கி வைக்க என்ன செலவு.

இன்னொன்று என்னை ரொம்பவே உறுத்துகிறது. முதல் மாடி, லிஃப்ட் இல்லை, படி செங்குத்து. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பாராலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார். ஓடவோ குதிக்கவோ வேண்டாத, எல்லாரும் வரக்கூடிய விளையாட்டு இது, ஆனால் இந்தப் படியில் அவர் மாதிரி ஒரு பிள்ளை எப்படி ஏறி வரும்? கோச்சிடம் கேட்டேன், கீழே உரக்கடை காலியானால் இரண்டு லேன் அங்கே போடும் எண்ணம் இருக்கிறது என்றார். நடக்கட்டும்.

பிள்ளைகளைச் சேர்க்கிறவர்களுக்கு: சின்னவர்களுக்கு ஸ்டாண்டில் ரைபிளைத் தாங்க வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள், நாலைந்து கிலோவை எடுத்த எடுப்பிலேயே தோளில் ஏற்றுவதில்லை. ஜாக்கெட், பேண்ட், ஷூ, ரைபிள் எல்லாவற்றையும் உடனே வாங்கச் சொல்லி நச்சரிப்பதும் இல்லை. ரேஞ்ச் ரைபிளிலேயே பழகிக்கொண்டு, கோச் சொல்கிற நேரத்தில் முதலில் ஜாக்கெட் மட்டும் வாங்கினால் போதும். புதுக்கோட்டை ஷூட்டிங் வீரர் பிருத்விராஜ் தொண்டைமானைப் பார்த்துவிட்டு ட்ராப் ஷூட்டிங் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அது 12 போரில் பறக்கும் தட்டைச் சுடுவது, வெட்டவெளி வேண்டும், இங்கே கிடையாது.

திங்கள் விடுமுறை. ஞாயிறு காலை கூட்டம் நெரியும், சர்வீஸ் அண்ணனோடு பேச வேண்டுமென்றால் வார நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். துப்பாக்கியைப் பெட்டியில் அல்லது உறையில் வைத்து, வாங்கிய பில்லும் அடையாள அட்டையும் கூடவே எடுத்துப் போங்கள், கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். சிலிண்டர் கசிவு என்றால் காற்றைக் காலி செய்துவிடாமல் கொஞ்சம் வைத்தே கொண்டு போங்கள், குமிழி பார்க்க அவருக்கு அது வேண்டும்.